இரவல் அலை

18 செப்டம்பர் 1968, புதன்

அம்மா தூங்கிவிட்டாள். அத்தாவைப் பற்றிக் கவலை இல்லை. தலைமாட்டில் பானை விழுந்து உடைந்தாலும் அவர் எழுந்திருக்கமாட்டார். ஏன் என்று இந்த வீட்டில் இருக்கும் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். எழுதப் பயமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அத்தாவுக்குக் காது கேட்காது.

எழுதிவிட்டேன். சுற்று வட்டாரத்தில் ரேடியோ ரிப்பேர் என்றால் அப்துல் மஜீது ராவுத்தர்தான். அவருக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் எவர் செட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்? ரங்கூனில் ரேடியோ கடையில் இருந்தபோது பக்கத்துக் கட்டடத்தின்மேல் குண்டு விழுந்ததாம். அன்றோடு போயிற்று. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முதுகுப் பக்கம் கூப்பிட்டால் திரும்பமாட்டார். அதற்கு ஊர் வைத்திருக்கும் பெயர் ராங்கி. 'ராங்கி பிடிச்ச ராவுத்தர்.' அத்தா அதைத் திருத்துவதில்லை. செவிடன் என்பதைவிட ராங்கிக்காரன் மேல் என்று நினைக்கிறார்.

எங்கள் வீட்டின் முன் அறைதான் கடை. நடுவில் ஒரு திரை. செட் கொண்டுவருகிறவர்களுக்குத் தெரிவது அத்தாவின் கை. திரைக்குப் பின்னால் அம்மாவின் காது. எங்கே கரகரக்கிறது, எங்கே விசிலடிக்கிறது என்று அவள் விரலால் காட்டுவாள், அவர் சரிசெய்வார். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு மெக்கானிக்.

பஞ்சாயத்து போர்டு ரேடியோவைக் காலையிலும் மாலையிலும் திறந்து வைப்பதும் அத்தாவின் வேலை. அங்கே அம்மா வர முடியாது. அதனால் இரண்டு வருஷமாக நான்தான் அவர் காது. சாமான் பையோடு அவர் கண்ணுக்கு எதிரே நிற்பேன். தோட்டைத் தொட்டால் விசில் அல்லது கரகரப்பு. கையைக் கட்டிக்கொண்டால் ஒன்றும் வரவில்லை. தாடையைத் தொட்டால் தெளிவாகப் பேசுகிறது. போன வருஷம் ஆட்சி மாறிய சேதி வந்தபோது அந்த ரேடியோ முன்னால் ஊரே நின்று கை தட்டியது. நான் தாடையைத் தொட்டுக்கொண்டே நின்றேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை! இந்தப் பெருமையை யாரிடம் போய்ச் சொல்வது?

இனி அதுவும் இல்லை. போன மாதம் பெரிய பிள்ளை ஆகிவிட்டேன். "பள்ளிக்கூடம் போ, வா. ஆம்பளைங்க கூட்டத்துல இனிமே நிக்கக்கூடாது மெஹரு" என்று அம்மா சொல்லிவிட்டாள். அத்தா என் வாயைப் பார்த்தார். நான் சாமான் பையை ஆணியில் மாட்டினேன்.

இந்த நோட்டு, தீர்ந்துபோன ரேடியோ பேட்டரியின் அட்டைப் பெட்டிக்குள் இருக்கும். அதை யாரும் தொடமாட்டார்கள்.


21 செப்டம்பர், சனி

கீழத்தெரு ஆட்கள் இன்னும் குறுவை அறுப்புக்கு இறங்கவில்லை. களத்து மேட்டில் செங்கொடி நட்டிருக்கிறார்கள். கூலி நெல்லைக் கூட்டித் தந்தால்தான் அரிவாள் எடுப்பார்களாம். மன்னார்குடியில் அதிகாரிகளை வைத்துப் பேச்சுவார்த்தை நடக்கிறது. நெல் முற்றி, காற்றடித்தால் உதிர்கிறது. பள்ளிக்கூடம் போகும் வழியில் அந்தச் சத்தம் கேட்டது. யாருக்கும் சந்தோஷமில்லாத சத்தம்.

மேஜைமேல் இப்போது இரண்டு செட். ஒன்று தையல் டீச்சருடைய பேட்டரி செட். அதன் கடைசி வால்வு போய்விட்டது. ஒலியைப் பெரிதாக்கி வெளியே தள்ளுவது அந்த வால்வுதான். அதனால் மற்ற எல்லாம் ஓடினாலும் வாய் மட்டும் இல்லை. இன்னொன்று கோட்டூர்க்காரர் ஒருவருடைய கரண்டு செட், வேலை முடிந்து பாடிக்கொண்டிருந்தது. அத்தா டீச்சர் செட்டின் ஸ்டேஷன் பிடிக்கும் முள்ளைத் திருகினார். உடனே கோட்டூர்க்காரர் செட் 'கீ...ஈ...ஊ' என்று சிணுங்கியது. இன்னும் திருகினார். சிணுங்கல் ஏறியது, இறங்கியது. அத்தாவுக்கு எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்குத் திருகிக்கொண்டிருந்தார். "ரெண்டையும் ஒண்ணாப் போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்று அம்மா ஒன்றை நிறுத்தினாள்.

வாயில்லாத செட் பக்கத்துச் செட்டின் வாயால் சிணுங்குகிறது. வேடிக்கைதான்.

ஆனால் எனக்குக் காரணம் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் வேறு எவளுக்காவது தெரியுமா? திருச்சி அலை ஒரு அளவு, சிலோன் அலை வேறு அளவு. வருகிற எல்லா அளவையும் செட்டால் சமாளிக்க முடியாது. அதனால் அது தனக்குள்ளேயே ஒரு அலையை உண்டாக்கிக்கொள்கிறது. முதல் வால்வில் வெளி அலையும் வீட்டு அலையும் கலக்கும். அதற்கு மிக்சர் வால்வு என்று பெயர். தர்கா கந்தூரியில் இரண்டு நாகஸ்வரம் சேர்ந்து ஊதும்போது சுருதி ஒரு மயிரிழை விலகினால், நடுவில் மூன்றாவதாக ஒரு அதிர்வு 'வ்வம் வ்வம்' என்று எழுமே, அது போல. எந்த ஸ்டேஷன் வந்தாலும் அந்த மூன்றாவது எப்போதும் ஒரே அளவில்தான் இருக்கும். மீதி வால்வுகளுக்கு அந்த ஒரே அளவுதான் புரியும். டீச்சர் செட் உண்டாக்கிய வீட்டு அலை கொஞ்சம் வெளியே கசிந்து மற்றதற்குள் போனதால்தான் சிணுங்கல்.

இதையெல்லாம் அத்தா எனக்குப் பாடமாக நடத்தியதில்லை. காதாக நின்றவளுக்குத் தானாகப் புரிந்தது.


23 செப்டம்பர், திங்கள்

பஞ்சாயத்து போர்டுக்கு அத்தா தனியாகப் போய்த் தனியாக வந்தார். "எல்லாம் பாடுதா?" என்று கேட்டேன். "முள்ளு வைக்கிற எடத்துல மசிப் புள்ளி வச்சிருக்கேன். புள்ளிக்கு நேரா வச்சா பாடாம எங்க போகும்?" என்றார்.


26 செப்டம்பர், வியாழன்

இரண்டு நாள் விடாத மழை. பாமணி ஆற்றுப் பாலத்தின் ஒரு பக்கம் இடிந்துவிட்டது. பஸ் இல்லை. பஸ் இல்லையென்றால் டீக்கடைக்குப் பேப்பரும் இல்லை. அத்தா கும்பகோணத்துக்கு எழுதிப் போட்ட வால்வுகளும் வராது. பஞ்சாயத்து செட்டின் மிக்சர் வால்வு கிழடாகிவிட்டது என்று போன மாதமே அவர் பிரசிடெண்டிடம் சொன்னார். "அதான் பாடுதே, பாடுற வரைக்கும் பாடட்டும்" என்றாராம் பிரசிடெண்டு நடராசன். ஊரில் பாதி நிலம் அவருடையது. கீழத்தெரு ஆட்கள் அறுக்கமாட்டோம் என்று சொல்வதும் பெரும்பாலும் அவர் வயலைத்தான்.

இப்போது பேச்சுவார்த்தையின் சேதி ஊருக்குள் வர ஒரே வழி அந்த ரேடியோ.


28 செப்டம்பர், சனி

இன்று வாய்க்கால் மதகு அருகே கீழத்தெரு அம்சம் என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள். என்மேல் இல்லை, தரையில். ஆனாலும் எனக்குத்தான்.

"ஒங்க அத்தா எவ்வளவு வாங்குனாரு, பிரசிடெண்டுகிட்ட?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ரஹ்மத் பீவி சொன்னதுதான் — எங்கள் வகுப்பு, பஞ்சாயத்து போர்டுக்கு எதிர் வீடு. மூன்று நாளாகக் காலையில் பாடும் ரேடியோ சாயங்காலம் சேதி நேரத்துக்கு ஊமையாகிவிடுகிறதாம். விளக்கு எரிகிறது, செட் சூடாகிறது, கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து வண்டு மாதிரி 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் மட்டும். நேற்றுக் கீழத்தெருவே திரண்டு வந்து குழாயடியில் உட்கார்ந்திருக்கிறது. பேச்சு முறிந்துவிட்டது, இனி வெளியூர் ஆட்களை வைத்து அறுப்பேன் என்று பிரசிடெண்டு சொல்லியிருந்தார். அது மெய்யா பொய்யா என்று தெரிய வேண்டும். 'ம்ம்ம்' தவிர ஒன்றுமில்லை. செங்கொடிச் சங்கத்துப் பக்கிரி அத்தாவிடம் கேட்டாராம், "என்ன ராவுத்தரே, பாடலியே?"

அத்தா செட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பாடுது, பாடுது. உக்காந்து கேளுங்க" என்றாராம்.

யா அல்லாஹ்! உள்ளே டிரான்ஸ்பார்மர் எப்போதும் அதிரும். அந்த அதிர்வைப் பாட்டு என்று நினைத்துவிட்டார். இருட்டு கவிந்திருக்கும். யார் உதடும் சரியாகத் தெரிந்திருக்காது; பாடுகிறதா என்று கேட்பதாக நினைத்துக் குத்துமதிப்பாகப் பதில் சொல்லியிருப்பார். அத்தனை பேர் முன்னால், ஊமையாக இருக்கிற செட்டைப் பாடுகிறது என்று —

ஐயோ. நான் மட்டும் அங்கே நின்றிருந்தால்... கையைக் கட்டிக்கொண்டிருப்பேனே. அவ்வளவுதானே வேண்டியிருந்தது!


29 செப்டம்பர், ஞாயிறு

அத்தாவிடம் அம்மா சொல்லிவிட்டாள். அவர் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக, அழாமல் சொன்னாள். அத்தா அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

"சாயங்காலம் எல்லா வீட்டுலயும் வெளக்கு போடுவாங்க, பம்பு செட்டு ஓடும், கரண்டு எளைச்சுடும். கெழட்டு வால்வு தன் அலைய விட்டுடும். காலையில கரண்டு நல்லா இருந்தா திரும்பப் புடிச்சுக்கும். இதுதான் விசயம்."

"அதப் போய் அவங்ககிட்டச் சொல்லுங்களேன்" என்றாள் அம்மா.

"சொன்னா? அப்ப ஏன் பாடுதுன்னு சொன்னேன்னு கேப்பான். அதுக்கு என்ன சொல்றது?"

அத்தா முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"கையூட்டு வாங்குனவன்னு சொல்லட்டும் கமருன்னிஸா. செவிடன்னு சொல்ல வேணாம். கையூட்டு வாங்குனவன்கிட்ட செட்டு குடுப்பான். செவிடன்கிட்ட எவன் குடுப்பான்?"

அவர் சொன்னது கணக்குப்படி சரி. ஆனால் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. தன் வாழ்நாளில் ஒருவரிடமும் ஒரு கம்பியைக்கூட ஏமாற்றி வாங்காத மனிதர்.


1 அக்டோபர், செவ்வாய்

ராத்திரி ஓட்டின்மேல் கல் விழுந்தது. அத்தா தூங்கிக்கொண்டிருந்தார். அலறல் வெளியே கேட்டுவிடாதபடி நானும் அம்மாவும் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டோம். அவரை எழுப்பவில்லை.

காலையில் பிரசிடெண்டின் ஆள் வந்து வாசலில் நின்று கத்தினான். அவனுக்கு அத்தா வேறு மாதிரிக் குற்றவாளி. "ரேடியோவ நீயே கெடுத்து வச்சிட்டு, பிரசிடெண்டு காசு குடுத்தாருன்னு பேச வைக்கிறியா? செங்கொடிக்காரன் எவ்வளவு குடுத்தான்?"

அத்தா உள்ளே ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "பாத்தியா ராங்கிய!" என்று அவன் காலை உதறிவிட்டுப் போனான்.

நாளை மறுநாள் சாயங்காலம் சேதி நேரத்தில் இரண்டு தரப்பும் பஞ்சாயத்து போர்டுக்கு வருகிறார்கள். எல்லார் முன்னாலும் அத்தா செட்டைப் பாட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு, கடையையும் மூடிக்கொண்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். இதைச் சொல்ல மட்டும் பக்கிரியும் பிரசிடெண்டும் ஒன்றாகிவிட்டார்கள்.

வால்வு இல்லை. பாலம் இல்லை. ஒரு வால்வுதான்! விரல் நீளம்கூட இல்லாத கண்ணாடி.


2 அக்டோபர், புதன்

இன்று காந்தி ஜெயந்தி, பள்ளிக்கூடம் இல்லை. மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டீச்சருடைய வாயில்லாத செட் அப்படியே இருந்தது. அதன் மிக்சர் வால்வை எடுத்து அங்கே மாட்டக்கூடாதா என்று அத்தாவிடம் கேட்டேன். "அதுக்கு ஒம்பது காலு, இதுக்கு ஏழு காலு. பேட்டரி வால்வு வேற சாதி" என்றார். கண்ணைத் துடைத்தேன், மேஜையைத் துடைத்தேன். அப்போது அந்தச் சிணுங்கல் ஞாபகம் வந்தது.

வாயில்லாத செட் பக்கத்துச் செட்டின் வாயால் —

ஓடிப்போய் அத்தாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அத்தா, ரெண்டு செட்டும் ஒண்ணா ஓடுனா ஒண்ணு திருகும்போது இன்னொண்ணு சிணுங்கும், தெரியுமா?"

"என்னது?"

"சிணுங்கும். இது உண்டாக்குற அலை அதுக்குள்ள போகுது. பஞ்சாயத்து செட்டு அலைதானே செத்துப்போச்சு? வாய் நல்லா இருக்குதே. இது அலைய அதுக்கு இரவல் குடுத்தா?"

அத்தா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் முடித்த பிறகும். பிறகு அம்மாவைப் பார்த்தார். "சிணுங்குமா? இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லவே இல்லியே?"

"எரிச்சலா இருக்குதுன்னு நிறுத்தச் சொன்னேன். அதுக்குள்ள இவ்வளவு இருக்குன்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள் அம்மா.

அத்தா சிரித்தார். கல் விழுந்த பிறகு முதல் சிரிப்பு. ரங்கூன் கடையில் இருந்த பர்மாக்காரர் இப்படி ஏதோ சொன்னதாக ஞாபகம் என்றார், தான் கேட்டதில்லை என்றார். உடனே பென்சிலால் தரையிலேயே படம் போட ஆரம்பித்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார்.

"கலக்கும். ஆனா எந்த எடத்துல கலக்குதுன்னு காதாலதான் புடிக்கணும். மசிப் புள்ளி உதவாது. முள்ளு ஒரு நூல் தப்புனாலும் ஊமைதான்."

நானும் அத்தாவும் அம்மாவைப் பார்த்தோம்.

அம்மா அடுப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "ஆம்பளைங்க கூட்டத்துல நிக்காதேன்னு சொன்னேன். அத்தாவத் தனியா நிக்க விடுன்னு சொல்லல." எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து, வெளியே போகும்போது போர்த்திக்கொள்ளும் தன் வெள்ளைத் துப்பட்டியை எடுத்து என் மடியில் போட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று இங்கே சோதித்துப் பார்க்கக்கூட வழியில்லை. கோட்டூர்க்காரர் செட்டைக் கொண்டுபோய்விட்டார். நாளை நடந்தால்தான் நடந்தது.


3 அக்டோபர், வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும்.

பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுகை முடிந்து அத்தா வந்ததும் கிளம்பினோம். அவர் கையில் டீச்சர் செட், என் கையில் சாமான் பை. அம்மாவின் துப்பட்டி எனக்கு நீளம், காலில் தட்டிக்கொண்டே வந்தது. கீழத்தெரு முழுக்க அங்கேதான் இருந்தது. ஆண்கள் குழாய்க் கம்பத்தடியில், பெண்கள் ரோட்டின் மறுபக்கம். பிரசிடெண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டார்ச் லைட்டோடு அவருடைய ஆள்.

"இது தையல் டீச்சர் செட்டு இல்ல? இது வாயத் தொறந்தே ஒரு மாசமாச்சே" என்று அம்சம் ரோட்டிலிருந்தே சத்தம் போட்டாள். டீச்சர் வீட்டில் நெல் குத்தப் போகிறவள், அவளுக்குத் தெரியும். "ஒரு ஊமைக்குத் தொணையா இன்னொரு ஊமையா? ரெண்டுக்கும் நிக்காஹ் பண்ணி வைக்கப் போறாரா பாய்?"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தா பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். எனக்கு மட்டும் கேட்டது.

செட்டைப் போட்டார். விளக்கு பூசணிப்பூ நிறத்தில் மங்கலாக எரிந்தது. குழாயில் 'ம்ம்ம்.' கூட்டத்தில் ஒருவன் 'ம்ம்ம்' என்று பதிலுக்கு இரைந்தான். மறுபடி சிரிப்பு. நான் அத்தாவின் எதிரே போய், சுவரோடு ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அத்தா தலையசைத்தார். டீச்சர் செட்டுக்குள்ளிருந்து ஒரு கம்பியை இழுத்து, பஞ்சாயத்து செட்டின் ஏரியல் கம்பிமேல் சுற்றினார். அந்தச் செட்டின் முள்ளை மசிப் புள்ளியில் வைத்துவிட்டு, டீச்சர் செட்டின் முள்ளை மெல்லத் திருக ஆரம்பித்தார். அவர் பார்வை முள்ளில் இல்லை. என்மேல்.

ம்ம்ம். ம்ம்ம். நான் கையைக் கட்டியபடியே நின்றேன். எனக்குள் ஓதிக்கொண்டிருந்தேன். பக்கிரி எழுந்து நிற்பது தெரிந்தது. ம்ம்ம். திடீரென்று அதற்குள்ளே, முறத்தில் மணலைப் புடைப்பது போல ஒரு சலசலப்பு. கையை அவிழ்த்துத் தோட்டைத் தொட்டேன். அத்தாவின் விரல் நின்றது. ஒரு நூல் திருகினார். சலசலப்புக்கு நடுவே ஒரு பெண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. இன்னும் ஒரு நூல் —

"...திருச்சிராப்பள்ளி" என்றது குழாய். ஊரெல்லாம் கேட்கும்படி.

தாடையைத் தொட்டேன். தொட்ட விரலை எடுக்கவே இல்லை.

அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். வாயில்லாத செட் கொடுத்த அலையில் அலையில்லாத செட் பேசிக்கொண்டிருந்தது! இதைப் புரிந்துகொண்டவர்கள் அங்கே இரண்டே பேர்.

சேதி வந்தது. வயல் கூலிப் பேச்சு முறியவில்லையாம். திங்கட்கிழமை மறுபடி கூடுகிறார்களாம். அவ்வளவுதான். ஆனால் பேச்சு முறிந்துவிட்டது என்று சொன்னவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. பிரசிடெண்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எனக்குச் சொன்னவன் அப்படித்தான் சொன்னான்" என்றார்.

அதோடு முடிந்திருக்கலாம். பக்கிரி அத்தாவின் பின்னால் வந்து நின்றார்.

"இன்னிக்குப் பாடுது, சரி. அன்னிக்குப் பாடாததப் பாடுதுன்னு ஏன் சொன்னீரு ராவுத்தரே? அதுக்குப் பதில் சொல்லும்."

அத்தா கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஒம்மத்தான் கேக்குறேன்!"

அத்தா திரும்பவில்லை. "பாரு, எகத்தாளத்த!" என்று எவனோ கத்தினான். இரண்டு மூன்று பேர் எழுந்து வந்தார்கள். பக்கிரியின் கை அத்தாவின் தோளில் விழுந்தது. டார்ச் லைட் ஆள் என் முகத்தில் வெளிச்சம் அடித்தான். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அத்தாவுக்குக் கேக்காது! அத்தாவுக்குக் காது கேக்காது! நீங்க முதுகுப் பக்கம் நின்னு கேக்குறீங்க!"

குழாய் மட்டும் உரம் போடுவதைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. அத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டார்ச் வெளிச்சம் என் வாய்மேல் இருந்தது. நான் சொன்னதை அவர் படித்துவிட்டார்.

இத்தனை வருஷம் காப்பாற்றியதை நான் ஒரு மூச்சில் கொட்டிவிட்டேன்.

அத்தா மெல்லத் திரும்பிப் பக்கிரியின் முகத்தைப் பார்த்தார். எப்போதும் போல நிமிர்ந்துதான் நின்றார்.

"எம் பொண்ணு சொல்றது நெசம். ரங்கூன்ல போனது. அன்னிக்கு வெளக்கு எரிஞ்சுது, செட்டு சுட்டுது, கை வச்சா அதிர்ந்துச்சு. பாடுதுன்னு நெனச்சேன். எவன்கிட்டயும் வாங்கல. எனக்குக் கேக்கல. அவ்வளவுதான்."

ரோட்டின் மறுபக்கத்திலிருந்து அம்சம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அடி ஆத்தி! அப்ப நான் மதகுல நின்னு 'பாய், பாய்'னு கூப்புட்டதெல்லாம்? திரும்பாமப் போறாரேன்னு எத்தன திட்டு திட்டியிருப்பேன், அதாவது கேட்டுச்சா?"

"அதுவும் கேக்கல" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு.

பக்கிரி தோளிலிருந்து கையை எடுத்தார். சுற்றி வந்து அத்தாவின் எதிரே நின்றார். உதடு நன்றாக அசையும்படி, குழந்தைக்குச் சொல்வது போல, "நாளைக்கும் நீங்கதான் தொறக்கணும், ராவுத்தரே" என்றார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அத்தா ஒரு வார்த்தை பேசவில்லை.


4 அக்டோபர், வெள்ளி

அத்தா இன்றும் பேசவில்லை. கோபமா என்று அம்மாவிடம் கேட்டேன். "தெரியல. எனக்கும் அவரு ஒதட்டப் படிக்கத் தெரியலியே" என்றாள்.


8 அக்டோபர், செவ்வாய்

கூலி முடிவாகிவிட்டது. நேற்று ராத்திரிச் சேதியில் வந்தது. கேட்டது முழுவதும் இல்லை, ஆனால் கூட்டியிருக்கிறார்கள். இரவல் அலையில்தான் கேட்டார்கள். இன்று விடியும்போதே வயலில் அரிவாள் சத்தம்.

ஆனால் எங்கள் வீட்டுக்கு ஒரு செட்டும் வரவில்லை. மேஜை காலியாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்னைச் 'செவிட்டு ரேடியோ' என்கிறார்கள். சொல்லட்டும் என்று நினைக்கப் பார்க்கிறேன். அத்தா சொன்ன கணக்குத்தான் சரியோ? செவிடன்கிட்ட எவன் குடுப்பான்... நான் அவரைக் காப்பாற்றினேனா, கவிழ்த்தேனா?


14 அக்டோபர், திங்கள்

பஸ் வந்தது. கும்பகோணத்திலிருந்து வால்வுகளும் வந்தன. சாயங்காலம் அத்தா துணியில் சுற்றியிருந்த புதிய மிக்சர் வால்வை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "வா, மாட்டிட்டு வரலாம்." அவ்வளவுதான் சொன்னார். அம்மா துப்பட்டியை ஏற்கெனவே கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்திருந்தாள்.

அவர் கோபமாக இல்லை. இல்லை!


19 அக்டோபர், சனி

கோட்டூர்க்காரர் தன் மைத்துனருடைய செட்டோடு வந்தார். முன் அறையில் உட்கார்ந்து, கொஞ்சம் தயங்கி, "பாப்பா கேட்டுச் சொல்லுமா, இல்ல வீட்டுலயா?" என்றார். அத்தா பதில் சொல்வதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து அம்மா, "ரெண்டு பேரும் கேப்போம். கரகரப்பு முள்ளு மேல போனாலா கீழ வந்தாலா, சொல்லுங்க" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து கடையில் வெளியாள் இருக்கும்போது அம்மாவின் குரல் கேட்டது இன்றுதான்.

அத்தா திரும்பித் திரையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது திரை அசைந்தது மட்டும்தான்.


3 நவம்பர், ஞாயிறு

பகலிலேயே எழுதுகிறேன். மேஜைமேல் இப்போது மூன்று செட். நோட்டு வைக்கத்தான் இடமில்லை.

காலையில் ரேடியோவைத் திறந்து வைத்துவிட்டு நானும் அத்தாவும் மதகு வழியாக வந்துகொண்டிருந்தோம். பின்னால் அம்சம், தலையில் புல்லுக்கட்டு. கூப்பிடவில்லை. கட்டோடு வேகமாக நடந்து எங்களைத் தாண்டிப்போய், அத்தாவின் எதிரே திரும்பி நின்று மூச்சு வாங்கினாள்.

"பாய், நேத்து ரேடியோவுல மழைன்னு சொன்னானே, ஒரு சொட்டக்கூடக் காணோமே?"

அத்தா அவள் முகத்தைப் பார்த்தார். முகத்தைக் கொஞ்சமும் மாற்றிக்கொள்ளாமல், "அப்படியா சொன்னான்? எங் காதுல விழலியே" என்றார்.

அவருடைய காதை வைத்து அவரே கேலி பேசி நான் கேட்டதே இல்லை. அம்சத்துக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள் பாருங்கள், தலையில் இருந்த கட்டு சரிந்து, அதைப் பிடிக்கக் குனிந்து, முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். முகம் மறைந்துவிட்டதால் அத்தாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் சிரிக்கிறாளா, கோபித்துக்கொண்டாளா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார்.

நான் தாடையைத் தொட்டுக் காட்டினேன்.